தொட்டுவிட்டு ஏறியவளுக்கு

இன்று காலை வாசல் அறையின் கதவைத் திறந்து, தையல் மிஷினின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்கம்போல அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது. மிஷின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறுகிறது. மில் சங்கு ஊதி ஓய்கிறது. நான் மட்டும் நீட்டின கையோடு, திருடப் போய் மாட்டிக்கொண்டவள் மாதிரி நிற்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் அம்மா தெருவில் போனாள். முதல் ஷிப்டுக்குப் போகிற வேகம். நடையை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள்.

“தொட்டியாடி?”

“தொட்டேன் அத்தை” என்று கத்தினேன். தொடவில்லை.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். எழுதி எந்தத் தபால்பெட்டியில் போடப் போகிறாய் என்று கேட்காதே. உனக்கு எப்போதுமே வாய் அதிகம். நீ போனது ஆனி மாதத்து வெயிலில். இப்போது ஐப்பசி மழை கொட்டுகிறது, தெருவெல்லாம் சேறு. இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். நேற்று நடந்ததற்குப் பிறகு உன்னிடமாவது பேசாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

இந்தத் தொட்டுக் கும்பிடுகிற பழக்கமே நம் தெருவுக்கு உன் அம்மாவிடமிருந்துதான் வந்தது. உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இந்தோசீனாவுக்குப் போய் அங்கேயே மடிந்த பிறகு, அத்தை மில்லில் நூல் சுற்றுகிற பிரிவில் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் அவள் கண் முன்னாலேயே ஒருத்தியின் கூந்தல் பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாளாம். மறுநாள் மிஷினுக்கு முன்னால் போய் நின்றதும் கால் நகரவில்லை. பக்கத்து மிஷின் பெண் சொன்னாளாம்: தொட்டுக் கேட்டுக்கிட்டு ஆரம்பி, ஒண்ணும் ஆவாது. அத்தை தொட்டாள், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள், ஆரம்பித்தாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு அம்மிக்கல், உரல், கிணற்று ராட்டினம், என் அப்பாவின் தையல் மிஷின் எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. நம் தெருப் பிள்ளைகள் எல்லாம் எதைத் தொடங்கினாலும் முதலில் அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சொல்தாவின் மகள் என்பதால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர் தெருவிலிருந்த பெண்கள் பள்ளியில் உனக்கு இடம் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கு உடுப்பு தைத்துக் கொடுத்ததால் என் அப்பா எனக்கும் ஒரு இடம் கேட்டு வாங்கினார். முதலியார்பேட்டையிலிருந்து இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நடந்துபோவோம். வாய்க்காலைத் தாண்டியதும் நீ பிரெஞ்சில் பேச ஆரம்பித்துவிடுவாய். எனக்கு அது நாக்கில் ஒட்டவே இல்லை. பொஞ்சூரையும் மெர்சியையும் வைத்துக்கொண்டு ஏழு வருஷத்தை ஓட்டியவள் நான் ஒருத்திதான்.

ஊரில் கொடி மாறியபோது நமக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சுக் கொடியை இறக்கினார்கள், இந்தியக் கொடியை ஏற்றினார்கள். நாம் கூட்டத்தில் புகுந்து பொரி உருண்டை தின்றோம். வெள்ளைக்காரர்கள் பலர் மூட்டை கட்டினார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த மதாம் மட்டும் கட்டவில்லை. பள்ளியின் பின்கட்டில் இருந்த கிடங்கை ஒழித்து, கப்பலில் வந்திறங்கிய சாமான்களை அதில் மாட்டினார். இரண்டு மரக் கம்பிகள், தோல் போர்த்திய ஒரு குதிரை, பிறகு அந்தக் கட்டை. மதாம் அதைப் பூத்ர் என்பார். நமக்கு அது கட்டைதான். நெஞ்சு உயரத்தில், ஒரு உள்ளங்கை அகலத்தில், நீளமாக நின்றது. அதன்மேல் நடக்க வேண்டும், குதிக்க வேண்டும், கையை ஊன்றித் தலைகீழாக நிற்க வேண்டும் என்று மதாம் சொன்னதும் வரிசையில் பாதிப் பேர் பின்னால் நகர்ந்தார்கள். நான் அதில் முதல் ஆள்.

நீ முன்னால் போனாய். கட்டையைத் தொட்டாய், கண்ணில் ஒற்றிக்கொண்டாய். மதாம் என்ன இது என்று கேட்டார்.

“காலால மெதிக்கப் போறேன் இல்ல, மதாம்? கேக்காம மெதிச்சா அதுக்குக் கோவம் வராதா?” என்று முதலில் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு பிரெஞ்சில் சொன்னாய். மதாம் சிரித்துவிட்டார். நீ ஏறினாய். விழுந்தாய். மறுபடி தொட்டுவிட்டு ஏறினாய். அன்றைக்கு மணி அடித்த பிறகும் உன்னை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பசி.

அதற்கான உடுப்பு என் அப்பாவிடம் வந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மதாம் கொடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “இதுல தைக்கறதுக்குத் துணி எங்கம்மா இருக்குது?” என்றார். உன் அம்மா வாசலில் நின்றுகொண்டு, “அண்ணே, முழங்கால் வரைக்கும் இழுத்து வுட முடியாதா?” என்று கெஞ்சினாள். அப்பா கருநீலத் துணியில் தைத்துக் கொடுத்தார். அத்தை அதை வாங்கி, உதறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “உள்ள இருக்கிற வரைக்கும்தான் இது. வாசப்படி தாண்டினா பாவாடை” என்றாள். நீ சரி என்றாய். நீ எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வாய், பிறகு உன் இஷ்டப்படி செய்வாய்.

நான் வயதுக்கு வந்ததும் கட்டை ஏற வேண்டாமென்று அப்பா என்னை நிறுத்திவிட்டார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு உன் பக்கத்தில் நிற்பேன். நீ சறுக்கினால் இடுப்பில் கை கொடுத்து நிறுத்துவேன். எத்தனை தடவை உன் முழங்கை என் மூக்கில் இடித்திருக்கிறது! நீ ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. “நீ ஏண்டி மூக்கை அங்க கொண்டாந்து வெச்சே?” என்பாய். ஆனால் அந்தக் கிடங்கின் ஜன்னல் வழியாக விழும் வெயிலில் நீ கட்டைமேல் பாதம் வைத்து நடந்து வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். பொறாமை இல்லை. இப்படி ஒருத்தி என் சிநேகிதி என்கிற கர்வம்தான்.

மதாம் பிரான்சுக்குத் திரும்ப முடிவு செய்தபோது உனக்குப் பதினைந்து வயது. உன்னையும் கூட்டிப்போகிறேன் என்றார். அங்கே பெரிய பயிற்சிக்கூடம், நாட்டுக்காக ஆடுகிற அணி. கொடி மாறினாலும் சட்டப்படி நீ இன்னும் பிரெஞ்சுக்காரிதான், ஒரு தடையும் இல்லை என்றார். அத்தை வழக்கம்போல மில்லுக்குப் போவாள், வருவாள், அடுப்பு மூட்டுவாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “அங்க நெசமாவே இவளைவிட நல்லா ஆடறவளுங்க இருக்காளுங்களா?” எனக்கு என்ன தெரியும்? இல்லை அத்தை, இவள்தான் ஒஸ்தி என்றேன். அதற்குப் பிறகுதான் உனக்குப் பெட்டி கட்டினாள்.

ரயில் நிலையத்தில் நான்தான் ஊரைக் கூட்டி அழுதேன். நீ அழவில்லை, அத்தையும் அழவில்லை. ரயில் நகரும்போது ஜன்னலோடு கூடவே நடந்துகொண்டு சொன்னாள்: “எத்த மறந்தாலும் மறந்துடு. தொடறதை மறந்துடாத.” நீ தலையை ஆட்டினாய்.

அங்கே போய் நீ பட்டதை எல்லாம் நான் கூட இருந்து பார்த்ததுபோலத்தான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வருஷம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது, இதே வாசல் அறையில், வெட்டுத்துணிக் குவியல்மேல் குந்திக்கொண்டு நீ சொன்னாய். அயல்நாட்டில் நீ கலந்துகொண்ட முதல் போட்டி. பல நாட்டுப் பெண்கள், பளபளவென்று தரை, கூரையெல்லாம் விளக்கு. உன் முறை வந்ததும் கட்டைக்குப் பக்கத்தில் போனாய். தொட்டாய். பின்னால் நகர்ந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பிறகு ஏறி, ஒரு குறையும் இல்லாமல் ஆடி இறங்கினாய். மதிப்பெண்ணைப் பார்த்தால் குறைந்திருந்தது. கட்டையைத் தொட்டாலே ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று அவர்கள் கணக்காம். தொட்டுவிட்டு விலகினால் ஏற வந்து தவறியவள் என்று அர்த்தமாம்.

“நடுவருங்க நாலு பேரு. ஒருத்திக்குக்கூட நான் இன்னா பண்ணேன்னு புரியலடி” என்றாய். “பயந்து பின்னால போயிட்டேன்னு நெனச்சிக்கிட்டாளுங்க.”

உன் ஒருத்தியால் அணியே ஒரு இடம் கீழே இறங்கியது. கூட ஆடிய பெண்கள் திரும்பி வரும் வழியெல்லாம் உன்னோடு பேசவில்லை. மதாம் மட்டும் உன் பக்கத்தில் உட்கார்ந்து, இனி தொடாதே என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார் என்றாய்.

“அப்ப தொடறதே இல்லையா?” என்று கேட்டேன்.

“இல்லை.”

“பயமா இல்ல?”

“மொத தடவை இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. ஒண்ணும் ஆவலடி. தொடாமலே நல்லாத்தான் ஆடறேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாய். “அம்மாகிட்ட சொல்லிடாத. தொடறேன்னுதான் சொல்லியிருக்கேன்.”

நான் ஏன் சொல்லப் போகிறேன்? நாம் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்த மற்ற விஷயங்களோடு இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

நீ திரும்பிப் போய் ஆடியதெல்லாம் உனக்கே தெரியும். பெல்ஜியம், இத்தாலி, ஜெர்மனி என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லிக் கடிதம் வரும். நான் அத்தைக்குப் படித்துக் காட்டுவேன். ஒரு தடவை மூன்றாவது இடம். ஒரு தடவை கட்டையில் மட்டும் இரண்டாவது. மேடையில் ஏற்றி நிறுத்தினார்களாம், வேறு யாருக்கோ பாட்டு வாசித்தார்களாம், நீ அதையும் ரசித்துக் கேட்டாயாம். அத்தை கேட்பதெல்லாம் ஒன்றுதான். “தொட்டாளான்னு எழுதியிருக்காளா பாரு.” எழுதியிருப்பாய். ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஒரு வரி இருக்கும். நானும் குரல் பிசகாமல் படிப்பேன்.

அப்போதுதான் மதாம் அந்தப் படத்தை அனுப்பினார். பத்திரிகைக்காரர் எடுத்தது. கட்டைமேல் இரண்டு கையையும் ஊன்றி, காலை வானத்துக்கு நீட்டி, நேராக நிற்கிறாய். அத்தை அதைச் சட்டம் போட்டு வாங்கிவந்து தலைகீழாக மாட்டிவிட்டாள். நான் திருப்பி மாட்டினேன். மறுநாள் போனால் மறுபடி தலைகீழ். “பொட்டப்புள்ள தலைகீழா தொங்கறதை எவடி காலையில எழுந்து பாக்கறது?” என்றாள். அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் படத்தில் கட்டை மேலே போய்விட்டது. நீ நிமிர்ந்து நின்று அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருக்கிறாய். தலைமுடி மட்டும் மேல்நோக்கிப் பறக்கிறது. வருகிறவர்களெல்லாம் உற்று உற்றுப் பார்ப்பார்கள்.

பிறகு போன வருஷம் அந்தப் போட்டி. ஐரோப்பா முழுக்க அதைப் பெரிதாகப் பேசினார்களாம். நீ நன்றாக ஆடினால் அடுத்து உலகப் போட்டிக்கான அணியில் இடம் உறுதி என்று மதாம் சொல்லியிருந்தார். விழுந்துவிட்டாள் என்று மட்டும்தான் எங்களுக்குத் தந்தி வந்தது. விழுவது உனக்குப் புதிதா என்று நான் அத்தையைத் தேற்றினேன். பிறகு மதாமின் கடிதம் வந்தது. ஆட்டம் முழுவதும் முடிந்து, கட்டையிலிருந்து இறங்கும் கடைசிப் பாய்ச்சலில் கை வழுக்கி, முதுகு கட்டையின் விளிம்பில் மோதியிருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டுகிற துணிவு எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

உன்னைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அத்தையும் நானும் விழுப்புரம்வரை எதிர்கொண்டு வந்திருந்தோம். அங்கே ரயில் மாற்றும்போது இரண்டு போர்ட்டர்கள் உன்னை நாற்காலியோடு தூக்கினார்கள். நீ அவர்களிடம், “அண்ணே, மெதுவா. இதுக்கு முன்னால நான் யாரும் தூக்காமலே பறந்துகிட்டு இருந்தவ” என்றாய். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று அத்தை உன்னைப் படுக்கவைத்து, முகம் துடைத்து, கஞ்சி ஊட்டி முடித்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“தொட்டியா, தொடலையா?”

நீ கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “மத்ததுல எல்லாம் தொட்டேம்மா. அன்னைக்கு மட்டும் மறந்துட்டேன்.”

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அழுது முடித்ததும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்துவிட்டது. மறுநாள் சங்கு ஊதியதும் எழுந்து மில்லுக்குப் போய்விட்டாள். இப்படியும் ஒரு தாயா என்று எனக்கு ஆத்திரம்.

அவள் போன பிறகு மத்தியானம் உனக்கு விசிறிக்கொண்டே கேட்டேன்: “மத்த எல்லாத்துலயும் தொடாம நல்லா ஆடினவ நீ. அன்னைக்கும் தொடலை. அப்புறம் ஏன் விழுந்தே? வழுக்கிச்சா?”

நீ முகத்தை என் பக்கம் திருப்பினாய். பிறகு சொன்னாய்.

“அன்னைக்குத் தொட்டேன்டி.”

விசிறி என் கையில் அப்படியே நின்றது.

“அவ்ளோ பெரிய போட்டி. பயம் வந்துடுச்சு. கட்டைக்கிட்ட போனதும் அம்மா மூஞ்சிதான் தெரிஞ்சுது. மதிப்பெண் போனா போவட்டும்னு தொட்டேன். நல்லா அழுத்தித் தொட்டேன். ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டேன். அப்புறம்தான் ஏறினேன்.”

“பின்னே அத்தைகிட்ட ஏன் அப்படி சொன்னே?”

“வேற இன்னா சொல்லச் சொல்றே? தொட்டும் விழுந்தேன்னு சொன்னா, அது நாளைக்கு எத்த நம்பி அந்த மிஷினுகிட்ட போவும்? பயந்து பயந்து கை வெச்சாத்தான்டி பெல்ட்டு இழுக்கும்.”

“தெருவே உன்னைத் திமிரு புடிச்சவன்னு பேசுமே!”

“பேசட்டும். நான் இன்னா எழுந்து போயி சண்டை போடப் போறனா?” என்றாய். பிறகு என் தாவணி நுனியைப் பிடித்து இழுத்தாய். “நீயும் சொல்லாத. எப்பவும் சொல்லாத.”

சரி என்றேன். உன்னைப் போல நான் சரி என்று சொல்லிவிட்டு மாறுகிறவள் இல்லையே, அதுதான் என் கஷ்டம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு மனசு வரவில்லை. படுக்கைப்புண், காய்ச்சல், பெரிய ஆஸ்பத்திரி, மறுபடி வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் பழைய மாதிரி உன் இடுப்பில் கை கொடுத்தேன். உனக்கு அந்தக் கை தெரியவே இல்லை. இருபது வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன்னுடையது வேறு நல்ல படம் இல்லை என்று அந்தச் சட்டம் போட்ட படத்துக்கே மாலை போட்டாள் அத்தை. இப்போதும் அது தலைகீழாகத்தான் தொங்குகிறது.

ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்கலாம் என்று வீடு வீடாகப் பேச்சு. சொல்தாவின் மனைவியாயிற்றே என்று ஒருவர் அத்தையிடமும் வந்து விளக்கினார். அத்தை அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “புருஷனைக் கேட்டாங்க, குடுத்தேன். புள்ளைய கேட்டாங்க, குடுத்தேன். இன்னும் இன்னா வேணுமாம்?” என்று கேட்டுவிட்டு முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் வந்த வழியே போய்விட்டார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அத்தை உன்னைத் திட்டுகிறதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. குழாயடியில், மில் வாசலில், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்: “சீமைக்குப் போனதும் தொடறது அவளுக்குக் கேவலமாப் போச்சு. நாலு பேரு பாப்பாங்கன்னு வெக்கம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கைய வெச்சிருந்தா எம்பொண்ணு இன்னைக்கு நடந்து வருவா.” வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் படத்தைக் காட்டி, “இதுல பாரு, ரெண்டு கையும் கட்டைமேல வெச்சிருக்கா. ஒண்ணும் ஆவல பாரு” என்பாள். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். பிள்ளைகளிடம் உன்னை உதாரணம் காட்டிப் புத்தி சொல்வார்கள். அம்மா பேச்சைக் கேட்காதவள் என்று உனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், தெரியுமா? உன்னை! அம்மா முகம் தெரிந்ததென்று உலகப் போட்டியின் வாசலில் மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டவளை. நாக்கு நுனிவரை வரும். பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோப்பேன்.

நேற்றுச் சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் அத்தை வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. மழையில் நனைந்திருந்தாள். வந்தவள் நிற்கவும் முடியாமல் தரையில் குந்தினாள்.

“பூங்காவனத்துக்கு ரெண்டு வெரலு போச்சுடி” என்றாள்.

பூங்காவனம் அவளுக்குப் பக்கத்து மிஷின். முதன்முதலில் அத்தைக்குத் தொடச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அவ தொட்டாடி. எங்கண்ணால பாத்தேன். நானும் அவளும் ஒண்ணாத்தான் தொட்டோம்.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவள் கண்ணில் கோபம் இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“உனக்குத் தெரியாதது இல்ல. எல்லாத்தையும் உங்கிட்ட கொட்டுவா. நெசத்தைச் சொல்லு. அவ தொடலையா? இல்ல, தொட்டும் விழுந்தாளா?”

கேட்டுவிட்டாளடி! நான் தினம் தினம் வேண்டிக்கொண்டிருந்த கேள்வி. ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் பெயரில் ஒட்டிய அழுக்கெல்லாம் போய்விடும். அவள் உன் படத்துக்கு முன்னால் போய் நின்று, என் கண்ணே, உன்னைப் போய்த் திட்டினேனே என்று அழுவாள். அதை நான் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது அவள் கையைப் பார்த்தேன். சொம்பைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் தளும்பிப் புடவையில் விழுந்துகொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை. பத்து விரலும் முழுசாக இருந்தன. நாளைக் காலையில் அந்தக் கையைத்தான் அவள் மிஷினுக்குள் விட வேண்டும்.

“தொடலை அத்தை” என்றேன். “மறந்துட்டேன்னு எங்கிட்டயும் சொல்லி அழுதா.”

“அப்ப பூங்காவனம்?”

“தொட்டாங்க சரி. கண்ணுல ஒத்திக்கிட்டாங்களா? அதைப் பாத்தீங்களா?”

அத்தை யோசித்தாள்.

“இல்லடி... எண்ணெ ஒட்டிக்கிச்சுன்னு பொடவையில தொடச்சிக்கிட்டா. ஒத்திக்கல.”

“பின்னே?”

“அதானே பாத்தேன்” என்றாள். பெருமூச்சு விட்டாள். சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்துக் கீழே வைத்தாள். விரல் நடுக்கம் நின்றிருந்தது. எழுந்து, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, வாசலில் திரும்பி நின்றாள். “கழுத. ஒரு தடவை தொட்டிருக்கலாம். நான் இன்னா சீமையில இல்லாததையா கேட்டேன்?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

நான் கதவைச் சாத்திவிட்டு வெட்டுத்துணிக் குவியல்மேல் விழுந்து அழுதேன். நீ ஒரு தடவை சொன்ன பொய்யை நான் இனி உயிர் உள்ள வரைக்கும் சொல்லவேண்டும். நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அளவே இல்லை. நீ இல்லாமல் இருக்கிற இந்தத் தெருவை எனக்குப் பிடிக்கவும் இல்லை.

அதனால்தான் இன்று காலை என் கை மிஷினிடம் போக மறுத்தது. தொட்டால் ஒன்றும் ஆகாது என்பது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு எப்படித் தொடுவது? அத்தை தெருக்கோடி திரும்புகிறவரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்திருந்தது. கையை வீசிக்கொண்டு, ஒரு பயமும் இல்லாமல் மில்லைப் பார்த்துப் போனாள்.

நாளைக்கும் சங்கு ஊதும். நாளைக்கும் அவள் கேட்பாள். தொட்டேன் அத்தை என்று நானும் சொல்வேன். நான் தொட்டிருக்க மாட்டேன். அந்தத் ‘தொட்டேன்’ உன் பதில். அவள் கேட்டபோது நீ சொல்லாமல் விட்டதை, அவள் காதில் விழும்படி, தினமும் காலையில் உனக்காக நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.